டாக்னியின் அறைக்கு ஒரு கதவு

எங்கள் நகராட்சியில் குழந்தைகள் தூங்குவதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே குழந்தைகள் தூங்குவதில்லை. வீட்டில் தூங்குகிறார்களா, முறைப்படி தூங்குகிறார்களா, எத்தனை டிகிரியில் எந்தக் கனமுள்ள பைக்குள் தூங்குகிறார்கள் என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 'குழந்தை உறக்க வெப்பநிலை அலுவலகம்' என்று வாசலில் பித்தளைப் பலகை தொங்கும். நூலகத்தின் பாதியை மூடி, அந்த இடத்தில்தான் இதைத் திறந்தார்கள். சிறுவர் புத்தகங்கள் இருந்த பாதி அது.

பெர்டெலுக்கு இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. அவன் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். டென்மார்க்கில் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. மகள் டாக்னி பிறந்ததும் அவன் மனைவி ரிக்கே முதல் பாதி விடுப்பை எடுத்து முடித்து, மருந்துக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டாள். இரண்டாம் பாதி பெர்டெலுடையது. அதில் அவன் முழுதாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: டாக்னி வீட்டுக்குள் தூங்க மாட்டாள்.

தொட்டிலில் போட்டுப் பார்த்தான், சோபாவில் போட்டுப் பார்த்தான், மார்பில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தான். கண்ணை அகல விரித்துக்கொண்டு, இந்த ஆள் என்னதான் செய்ய நினைக்கிறான் என்பதுபோல் அவனையே பார்ப்பாள். ஆனால் கடுகு நிறத் தூக்கப் பைக்குள் விட்டு, ஜிப்பை ஏற்றி, தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொல்லைப்புறப் பேரி மரத்தடியில் நிறுத்தினால் போதும், அவன் அடுப்படிக்குப் போய்க் காபியை ஊற்றுவதற்குள் தூங்கிப்போவாள். பனி விழுந்தாலும் அப்படித்தான். இதில் அதிசயமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பகல் தூக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் வெளியில்தான். பகலில் ஒரு குழந்தையை உள்ளே தூங்கவைத்தால்தான் அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

தூக்கப் பையைப் பற்றித் தெரிய வேண்டியதை, வீட்டுக்கு வந்துபோன மருத்துவச்சி கிளம்பும்போது காலணியை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். பையின் கழுத்து, தலை உள்ளே நழுவாத அளவுக்கு இருக்க வேண்டும். கைத்துளைகள் தொளதொளவென்று இருக்கக் கூடாது. தலைமூடி, தலையணை, கூடுதல் போர்வை எதுவும் பைக்குள் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். பிடரியில் விரலை வைத்துப் பார். கதகதப்பாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் சரி, வியர்த்திருந்தால் உள்ளாடையில் ஒன்றைக் கழற்று. அதற்குள் அவள் இரண்டாவது காலணியையும் மாட்டி முடித்திருந்தாள். சொல்ல வேறு எதுவும் இல்லாததால் போய்விட்டாள்.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மார்ச் முதல் தேதியிலிருந்து டாக்னிக்கு இடம் இருக்கிறது, வரும்போது உறக்க வெப்பநிலைச் சான்றிதழை எடுத்து வரவும், இல்லாவிட்டால் இடம் வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அடுத்து எப்போது இடம் வரும் என்று பெர்டெல் கேட்டான். கோடைக்குப் பிறகு என்றார்கள்.

அதே மார்ச் முதல் தேதிதான் கடலுக்குள் நிற்கும் புதிய காற்றாலைகளுக்கு ஒரு குழு படகேறப் போகிறது. கரையிலேயே ஏணி ஏறிக்கொண்டிருந்த பெர்டெல் அந்தக் கடல் குழுவில் சேர ஆசைப்பட்டது இன்று நேற்றல்ல. இப்போதுதான் ஒரு வழியாகப் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அன்று துறைமுகத்தில் நிற்காவிட்டால் வேறு ஆளை ஏற்றிக்கொள்வோம் என்று மேலாளர் நயமாகவே சொல்லியிருந்தார். ஆக, அவன் கடலுக்குப் போவதும் போகாததும் டாக்னியின் தூக்கத்தில் வந்து நின்றது.

அலுவலகத்துக்கு அவன் போனபோது முற்றத்தில் ஏற்கெனவே தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை மூக்கு நுனி சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அவற்றின் தாய் தகப்பன்மார் உள்ளே புழுக்கமான கூடத்தில் உட்கார்ந்து, தங்கள் குழந்தைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதை நிரூபிக்கக் காத்திருந்தார்கள். பெர்டெலும் டாக்னியை அந்த வரிசையில் நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

அவன் முறை வந்தது. எதிரே இருந்தவர் லிஸ்பெத் என்ற ஆய்வாளர். நேரான முதுகும் சோர்ந்த கண்களும் கொண்ட பெண்மணி. அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் அறையின் வெப்பநிலை, வலப்பக்கம் பையின் கன எண். குளிர்ந்த அறைக்கு இரண்டரை, வெதுவெதுப்பான அறைக்கு ஒன்று, புழுங்குகிற அறைக்கு அரை.

"அறையோட வெப்பநிலை எவ்வளவு?" என்று கேட்டார்.

"வெளியில தூங்குவா. பேரி மரத்தடியில."

"சரி. அறை?"

"அறை இல்லைங்க. வெளி."

லிஸ்பெத் திரும்பி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வெளின்னு இதுல எதுவும் இல்லையே."

பெர்டெல் ஜன்னலைக் காட்டினான். முற்றத்தில் அத்தனை குழந்தைகளும் வெளியில்தானே தூங்குகிறார்கள் என்றான். லிஸ்பெத்தும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"அந்தச் சிவப்பு வண்டி என் பையனோடது. உள்ள போட்டா கத்தித் தீர்த்துடுவான்," என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா அது என் சொந்த விஷயம். இது அலுவலகம்."

இந்தச் சமயத்தில் உள்ளறையிலிருந்து இயக்குநர் ஹோல்கெர் வந்தார். எங்கள் நாட்டில் இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதில் யாருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாதென்று அவர் தன் பெயரை ஒரு முழ உயர எழுத்தில் கதவில் எழுதி வைத்திருந்தார். காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு மனம் நிறைந்துவிடும், பேசாமல் இருக்க முடியாது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல குழந்தைங்க எப்படித் தூங்கினாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது," என்று ஆரம்பித்தார். "நல்லாத் தூங்கினாங்கன்னு மட்டும்தான் தெரியும். அது ஒரு தகவலா? இன்னைக்குப் பாருங்க, சரியாத் தூங்காத குழந்தைங்க எண்ணிக்கை மூணு மடங்காயிருக்கு. இத்தனை பேரை நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். தட்டினால் வரிசை சீக்கிரம் நகரும் என்று நினைத்திருக்கலாம். ஹோல்கெர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு உள்ளே போனார்.

லிஸ்பெத் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். வெளியை அறையாக அறிவித்துவிடலாமாம், விதியில் இடமிருக்கிறதாம். மேலே ஏதாவது இருக்க வேண்டும்; மரக்கிளை போதும். பக்கத்தில் வேலி இருந்தால் அதைச் சுவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கதவு கட்டாயம்.

"கதவு எதுக்குங்க?"

"கதவு இல்லாம நாங்க எப்படி உள்ள வர்றது?"

"நடந்து வாங்க."

"நடந்து வந்தா, உள்ள வந்துட்டமா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று லிஸ்பெத் பொறுமையாகக் கேட்டார்.

பெர்டெலின் வீட்டு நிலவறையில் பழைய பச்சைக் கதவு ஒன்று கிடந்தது. அதை நிலையோடு தூக்கிவந்து, புல்தரையில் இரண்டு குழி தோண்டி நட்டான். பூட்டு துருவேறிப்போயிருந்தது, கைப்பிடி மட்டும் திருகினால் முனகிக்கொண்டு திரும்பும். இந்தப் பக்கமும் புல், அந்தப் பக்கமும் புல். நடுவில் கதவு. ரிக்கே வேலை முடிந்து வந்து, மிதிவண்டியைப் பிடித்தபடி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெர்டெல், வீடு திருட்டுப் போயிடுச்சா? கதவு மட்டும் மிச்சம் இருக்கு."

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்காமல் கேட்டாள். சிரிக்காமல் இருப்பதற்காகக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டு இருக்கா?"

"துருப்பிடிச்சுப்போச்சு."

"அப்ப நரி கிரி வந்தா?"

"ரிக்கே, எனக்கு மார்ச் ஒண்ணாம் தேதி படகு," என்றான் பெர்டெல். அவன் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கேலி போய்விட்டது. மிதிவண்டியைச் சாத்திவிட்டு வந்து, கதவு ஆடாமல் இருக்க நிலைக்காலுக்கு அடியில் கல் செருகக் கூட நின்றாள்.

லிஸ்பெத் ஆய்வுக்கு வந்த அன்று புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. டாக்னி வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள், பெர்டெல் பக்கத்தில் நின்றான். லிஸ்பெத் வீட்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் ஒரு பெரிய பையோடு வந்தார். அவர் வருவதை அவன் பார்த்தான். அவன் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஆனால் கதவுக்கு முன்னால் வந்து நின்றதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார்.

"உள்ள வாங்க," என்றான் பெர்டெல்.

கதவைத் திறந்து உள்ளே வந்தார். வந்ததும் குனிந்து இரண்டு பூட்ஸையும் கழற்றி, கதவோரம் ஒழுங்காக வைத்தார். யார் வீட்டுக்குள்ளும் வெளிக்காலணியோடு போவது எங்கள் ஊரில் கிடையாது. கொள்ளைக்காரன்கூடக் கழற்றிவிட்டுத்தான் வருவான். கம்பளிக் காலுறையோடு உறைபனியில் நிற்கும் விருந்தாளியைப் பார்த்ததும் பெர்டெலுக்குத் தன் பூட்ஸ் உறுத்தியது. அவனும் கழற்றினான். இருவரும் பல் கிட்டிக்க நின்றார்கள். காபி வேண்டுமா என்று கேட்டான். வேலை நேரத்தில் வேண்டாம் என்றார்.

வெப்பமானியை எடுத்துப் பேரிக் கிளையில் தொங்கவிட்டார். இரண்டு டிகிரி காட்டியது.

"அறை ரொம்பக் குளிரா இருக்கே."

"பிப்ரவரிங்க."

"எங்கயாவது ஜன்னல் திறந்திருக்கா?"

பெர்டெல் நாலாபக்கமும் பார்த்தான். "எல்லாமே திறந்துதாங்க இருக்கு."

"கதவையாவது சாத்துங்க, திரும்பப் பார்ப்போம்."

சாத்தினான். இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். வெப்பமானி அதே இரண்டைக் காட்டியது. வீட்டுக்காரரிடம் புகார் சொல்லும்படி லிஸ்பெத் அறிவுறுத்தினார். வீடு தன்னுடையது என்று பெர்டெல் சொன்னதும், அப்படியானால் அவனுடன் அவனே பேசிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

அடுத்தது பைச் சோதனை. லிஸ்பெத் தன் பெரிய பையைத் திறந்து ரப்பரால் செய்த ஒரு குழந்தையை வெளியே எடுத்தார். அதற்குத் தரநிலைக் குழந்தை என்று பெயர். நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் அளந்து, கூட்டி, வகுத்துச் செய்த சராசரி. சராசரித் தலை, சராசரித் தொப்பை, கொஞ்சமாகச் சிரிக்கும் சராசரி வாய். டாக்னியின் மாற்றுப் பையை வாங்கி அதற்கு மாட்டினார். டாக்னிக்கு அப்பாவைப் போலப் பெரிய தலை. அவளுக்குக் கச்சிதமாக இருக்கும் கழுத்து வளையத்துக்குள், தரநிலைக் குழந்தையின் தலை சர்ரென்று நழுவி மறைந்தது.

"தேறலை," என்றார் லிஸ்பெத், வருத்தமாகவே.

"டாக்னிக்குச் சரியா இருக்குங்களே."

"குழந்தைக்குச் சரியாத்தான் இருக்கு. தரத்துக்குத்தான் பெருசு."

டாக்னியையே அளந்து பாருங்கள் என்று கெஞ்சினான். உயிருள்ள குழந்தைகளை வைத்து அளப்பதை விட்டுவிட்டோம், அவர்கள் அசைகிறார்கள் என்றார் லிஸ்பெத். இதையெல்லாம் இருவரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள், டாக்னி எழுந்துவிடுவாளே என்று. போகும்முன் லிஸ்பெத் வண்டிக்குள் குனிந்தார். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, டாக்னியின் பிடரியில் விரலை வைத்தார்.

"அப்படியே ரொட்டி மாதிரி கதகதன்னு இருக்கா," என்றார். உடனே கையை இழுத்துக்கொண்டார். "நான் இதைப் பார்க்கலை. சரியா?"

பை தேறாதவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. அலுவலகத்தின் மாதிரி அறையில், குழுவின் முன்னிலையில், அலுவலகப் பைக்குள் குழந்தை தூங்கிக் காட்ட வேண்டும். பெர்டெலுக்குக் கிடைத்தது பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை.

மாதிரி அறை மிகச் சரியாகப் பதினெட்டு டிகிரியில் இருந்தது. சுவரோரம் ஐந்து நாற்காலிகள். அதில் குழு உறுப்பினர்கள் ஐந்து பேர், நடுவில் ஹோல்கெர். ஓரமாக லிஸ்பெத், காலடியில் தரநிலைக் குழந்தை. டாக்னியைச் சாம்பல் நிற இரண்டரைப் பைக்குள் விட்டுத் தொட்டிலில் படுக்கவைத்தான் பெர்டெல். அவள் மல்லாந்தபடி ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள்.

ஐந்து பெரிய மனிதர்கள் மூச்சு விட்டதில் அறை சூடேறி அட்டவணையின் அடுத்த கட்டத்துக்குப் போனது. பையை மாற்றுங்கள் என்றார் ஹோல்கெர். பெர்டெல் ஜிப்பை இறக்கி, டாக்னியை எடுத்து, ஒன்றாம் எண் பைக்குள் விட்டான். அவள் சிணுங்கினாள். காற்று கெட்டுவிட்டது என்று ஓர் உறுப்பினர் ஜன்னலைத் திறந்தார். அறை சில்லிட்டது. மீண்டும் இரண்டரை. டாக்னி அழ ஆரம்பித்தாள். அழுகை கேட்டு உறுப்பினர்களுக்கு வேர்த்தது. அறை சூடேறியது. மீண்டும் ஒன்று. கடைசியில் ஹோல்கெர் ஒரு தீர்வு கண்டார்: ஓர் உறுப்பினர் வெளியே போனால் அரை டிகிரி குறையும். யார் போவது என்று பணிமூப்புப்படி விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் அறை இன்னும் சூடேறியது.

டாக்னி முகம் சிவந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். பெர்டெலின் காதுகளும் சிவந்திருந்தன. தரையில் குந்தி, ஜிப்பை ஏற்றி இறக்கி ஏற்றி, தன் கையிலிருந்து படகு நழுவிப் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மகளை இப்படிப் பாடுபடுத்தி ஏறுகிற படகு எதற்கு என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் மீதே கோபம் வந்தது.

ஹோல்கெர் எழுந்து நின்றார். இடைவெளி கிடைத்தால் பேசுகிறவர் அவர்.

"ஒண்ணு மனசு விட்டுச் சொல்றேன். இந்த அலுவலகத்தோட பெரிய பிரச்சினை என்ன தெரியுமா? குழந்தைங்கதான். அறை சரியா இருக்கு, அட்டவணை சரியா இருக்கு, பை சரியா இருக்கு. அவங்க ஒருத்தர் வந்து உள்ள படுத்ததும் எல்லாம் குழம்பிடுது. குழந்தைங்க மட்டும் இல்லைன்னா எங்க முறையில ஒரு குறை சொல்ல முடியாது."

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். அப்போது கூடத்தில் கேக் மணி அடித்தது. வெள்ளிக்கிழமையானால் எங்கள் ஊர் அலுவலகம் எதிலும் கேக் உண்டு. இந்த வாரம் யார் முறை என்பதை யாரும் மறந்ததில்லை. போர் வந்தாலும் கேக் முடிந்துதான் என்பது எழுதாத சட்டம். ஐந்து பேரும் எழுந்து போனார்கள். போகும்போது, தாங்கள் திரும்பி வரும்போதாவது குழந்தை ஒத்துழைக்கும் என்று நம்புவதாக ஹோல்கெர் சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள், ரப்பர் குழந்தையையும் சேர்த்தால் நான்கு.

"இங்க அவ தூங்க மாட்டா," என்றார் லிஸ்பெத்.

"தெரியும்."

"உங்க வண்டி முற்றத்துலதானே நிக்குது?"

பெர்டெல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. டாக்னியை அலுவலகப் பையிலிருந்து தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் அவள் அழுகை விக்கலாகக் குறைந்தது. கம்பளிச் சட்டையை மாட்டி, கடுகு நிறப் பைக்குள் விட்டு ஜிப்பை ஏற்றினான். ஜிப் மேலே போய்ச் சேர்வதற்குள் கண் சொருகிவிட்டது. சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, வண்டியின் தடையைப் போட்டான். பிறகு, தோற்றுப்போனேன் என்று சொல்லி வருவதற்காக உள்ளே போனான்.

தொட்டிலில் தரநிலைக் குழந்தை சாம்பல் நிறப் பைக்குள் மல்லாந்து படுத்திருந்தது. லிஸ்பெத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"பை கலையாம இருக்கட்டும்னு போட்டு வெச்சேன்," என்றார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள், உதட்டில் கேக் துணுக்குகளோடு. அறையின் அமைதியைக் கேட்டதும் தாமாகவே நுனிக்காலில் நடந்தார்கள். ஹோல்கெர் தொட்டிலருகே குனிந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. பிடரியில் விரல் வைத்தார். பிறகு வெப்பமானியைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின.

"வியர்வை இல்லை," என்று கிசுகிசுத்தார். "சூடும் இல்லை. லிஸ்பெத், எத்தனை தடவை அசைஞ்சா?"

"ஒரு தடவைகூட அசையலை," என்றார் லிஸ்பெத். அது முழு உண்மை.

"ஹோல்கெர், அது வந்து..." என்று தொடங்கினான் பெர்டெல். பொய் அவனுக்கு வராது. கடல் குழு கிடைக்காவிட்டாலும் போகட்டும் என்று துணிந்துதான் தொடங்கினான்.

"ஷ்ஷ்," என்றார்கள் ஐந்து பேரும்.

"அது டாக்னி இல்லைங்க."

"குழந்தை எழுந்துக்கப் போறா," என்று ஹோல்கெர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, அவன் தோளைப் பிடித்து நகர்த்தினார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. ஒழுங்கா வளர்த்தா எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும். உங்களை மாதிரி தகப்பன்தான் எங்களுக்கு வேணும். ஆனா பேசாதீங்க."

சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டு, காகிதம் சலசலக்காமல் அவன் கையில் திணித்தார். தூங்குகிற குழந்தையை எழுப்புவது விதிக்கு விரோதம், அவளாக எழுந்திருக்கும்வரை குழுவே காவல் இருக்கும், அதுவரை வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்றார். பெர்டெல் லிஸ்பெத்தைப் பார்த்தான். அவர் தன் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார், வீட்டுக்குப் போகிற நேரமாகிவிட்டது.

முற்றத்தில் லிஸ்பெத் சிவப்பு வண்டியின் தடையை விடுவித்தார், பெர்டெல் டாக்னியின் நீல வண்டியின் தடையை விடுவித்தான். திரும்பிப் பார்த்தபோது மாதிரி அறையின் ஜன்னலில் ஐந்து தலைகள் ஒரே பக்கமாகக் குனிந்திருந்தன. அலுவலகம் மூடிய பிறகும் அங்கே விளக்கு எரிந்ததாக ஊரில் பேச்சு. சில பேர் திங்கட்கிழமையும் எரிந்தது என்கிறார்கள். அது வெறும் புரளியாகவும் இருக்கலாம்.

மார்ச் முதல் தேதி காலையில் பெர்டெல் டாக்னியோடு காப்பகத்துக்குப் போனான். படகுக்கான பெரிய பையை வாசலில் வைத்தான். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீபெக்கே என்ற பெண் சான்றிதழை வாங்கி, படிக்காமலே சுவரில் ஓர் ஆணியில் குத்தினாள். அந்த ஆணியில் ஏற்கெனவே நிறையக் குத்தியிருந்தது.

"இவளை எங்க தூங்கவைப்பீங்க?" என்று கேட்டான்.

"வேற எங்க? வெளியிலதான்," என்றாள் வீபெக்கே, இதென்ன கேள்வி என்பதுபோல். "வாங்க, அவ இடத்தைக் காட்டறேன். நைட் சரியாத் தூங்கலை போலிருக்கு, கொட்டாவி விடறா."

பின்முற்றத்தில் தகரக் கூரைக்கடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசைக்கு முன்னால், திறந்த வெளியில், சுவரும் இல்லாமல் தூணும் இல்லாமல், புத்தம் புதிய மஞ்சள் கதவு ஒன்று தனியாக நின்றது. அதன் ஓரத்தில் பெரியவர்களின் காலணிகள் ஜோடி ஜோடியாக ஈரத்தில் நனைந்துகொண்டிருந்தன.

பெர்டெல் அதைச் சுட்டிக்காட்டினான்.

"அதுவா?" என்றாள் வீபெக்கே. "போன மாசம் நகராட்சியிலேர்ந்து ஆணை வந்துச்சு. யாரோ ஆய்வாளர் அறிக்கை கொடுத்திருக்காங்க, ஏதோ ஒரு வீட்டுல பேரி மரத்தடியில யாரோ ஒரு ஆள் பிரமாதமா ஒரு அறை அமைச்சிருக்கானாம். அதுதான் இனிமே முன்மாதிரி. எல்லாக் காப்பகத்துக்கும் கதவு கட்டாயம் ஆக்கிட்டாங்க. நாங்க தட்டிட்டுத்தான் போகணும், காலணியைக் கழட்டிட்டுத்தான் நிக்கணும். எனக்கு ரெண்டு வாரமா சளி. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கதவு நல்லாத்தான் இருக்கு," என்று முனகினான் பெர்டெல்.

பூட்ஸைக் கழற்றினான். வீபெக்கே கதவைத் தட்டித் திறந்துவிட்டாள். டாக்னிக்கு ஒதுக்கிய வண்டி கடைசியில் நின்றது. அவளைக் கடுகு நிறப் பைக்குள் விட்டான், ஜிப்பை ஏற்றினான், பிடரியில் விரலை வைத்தான். விட்டுப் போகும்போது அழுவாள், தேற்றலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகள் தேடிக்கொண்டு வந்திருந்தான். அவள் அழவில்லை. ஒரு கொட்டாவி விட்டு, பக்கத்து வண்டிக் குழந்தைகளைப் போலவே மூக்கு நுனி சிவக்கத் தூங்கிப்போனாள். அழுகை அவனுக்குத்தான் வந்தது. இத்தனை நாள் காபியை ஊற்றிவிட்டு அடுப்படி ஜன்னல் வழியாக இந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் அந்த நேரத்தில் அவன் நடுக்கடலில் இருப்பான்.

துறைமுகத்திலிருந்து படகின் ஊதல் கேட்டது. அவன் நனைந்த காலுறையோடு கதவைத் தாண்டி வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான். கதவு திறந்தே இருந்தது, காற்றில் அடித்துக்கொண்டால் அவள் விழித்துக்கொள்வாள். அவன் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி, சத்தமே வராமல், அதை மெல்லச் சாத்தினான்.